தண்ணீர்த் தொட்டி வரைக்கும்

எங்கள் வீட்டு வைஃபை தண்ணீர்த் தொட்டி வரைக்கும்தான் எட்டும். தொட்டியைத் தாண்டி ஒரு அடி வைத்தால் பொட்டென்று போய்விடும். அதைப் பெரிய குறையாக நினைத்து நாங்கள் மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்டோம்: என் கணவர், அவருடைய அக்கா, நான். யாருக்காக உடைத்துக்கொண்டோமோ அந்த மனிதருக்கு வைஃபை என்றால் என்னவென்றே தெரியாது.

அவர் என் மாமனார். காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் மறதி வந்தது. முதலில் கண்ணாடியை வைத்த இடம் மறந்தார், பிறகு சாப்பிட்டதை மறந்தார், அப்புறம் மனைவி இறந்துபோனதையே மறந்தார். என் பெயர், என் முகம், நான் அந்த வீட்டில் எதற்கு இருக்கிறேன் என்பதெல்லாம் எப்போதோ போய்விட்டன. நல்ல நாளில் நான் டெப்போவில் டீ கொடுக்கிற பெண். கெட்ட நாளில் நான் 'சார்', அவருடைய மேலதிகாரி. அவர் மறக்காதவை இரண்டு: ஒன்று நடப்பது, இன்னொன்று மகள்.

மகள் என்றால் என் கணவரின் அக்கா. கடல் தாண்டி வேறு நாட்டில் இருக்கிறார். அவருக்கே பேரன் பிறந்துவிட்டான், மாமாவுக்கு மட்டும் இன்னும் பாப்பா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி போன் செய்தால் ஆலோசனை சொல்வார். போன் செய்யாவிட்டால் அதைவிடப் பெரிய ஆலோசனை ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே அவருக்குக் காலை வேலை தொடங்குவதற்கு முன்னால், இங்கே வெயில் தாழும் நேரத்தில், ஒரு நாள் தவறாமல் அப்பாவோடு பேச உட்கார்ந்துவிடுவார். அதை நான் மறுக்க மாட்டேன்.

நான் தையல்காரி. ஜன்னல் திரை, மேஜை விரிப்பு, மேடைத் திரை என்று பெரிய துணியாகத் தைப்பேன். தையல் மெஷின் முன்னறை ஜன்னலோரம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் வாசல், தொட்டி, கடைசியில் கேட் வரைக்கும் தெரியும். எங்கள் மனை அகலம் கம்மி, நீளம் அதிகம். வீடு ஒரு கோடி, கேட் மறுகோடி, நடுவில் செடிக்கு நீர் பிடித்து வைக்கும் சிமெண்டுத் தொட்டி.

சாயங்காலம் வீடியோ காலில் அண்ணியைப் பிடித்து, நான் தைத்த துணிப் பையில் போனை வைத்து, மாமா கழுத்தில் மாட்டிவிடுவேன். அந்தப் போனில் சிம் கிடையாது. சிம் இருந்தபோது விடியற்காலையில் பழைய டெப்போ ஆட்களை எல்லாம் எழுப்பி, வண்டி ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார். அதனால் எடுத்துவிட்டோம். வைஃபை இருந்தால் மகள் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அவர் போனைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசலில் இறங்குவார். "பாப்பா, சாப்டியா?" என்பார். "சாப்டேன்ப்பா." நாலடி போய் மறுபடியும் "பாப்பா, சாப்டியா?" என்பார். அண்ணியும் சலிக்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். தொட்டிகிட்டே வந்ததும் படம் அப்படியே நின்றுவிடும். மாமா போனை வானத்தைப் பார்க்கத் தூக்குவார், இறக்குவார், "போச்சு" என்பார். பிறகு வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை. கடைசி நிறுத்தத்தில் பேருந்தைத் திருப்புகிற மாதிரி அகலமாக வட்டமடித்துத் திரும்பி, "பாப்பா உள்ளேதான் இருப்பா" என்று வீட்டைப் பார்த்து நடப்பார். வாசலுக்கு வந்தால் நான் திரும்பப் போட்டுக் கொடுப்பேன். மறுபடி தொட்டி, மறுபடி "போச்சு", மறுபடி திரும்பல். இருட்டும் வரைக்கும் இந்த வண்டி ஓடும்.

துணி வெட்டுகிற வேலையை நான் அந்த நேரத்துக்கென்றே வைத்திருந்தேன். கத்தரியைப் பிடித்துவிட்டால் கண் துணியை விட்டு நகரக் கூடாது. "போச்சு" என்று குரல் கேட்டால் தலையைத் தூக்குவேன். மாமா தொட்டிகிட்டே இருக்கிறார், திரும்பி வரப்போகிறார் என்று தெரிந்துவிடும்.

கேட்டைப் பூட்டி வைத்தால் என்ன என்று யாராவது கேட்கலாம். ஒரு தடவை பூட்டியிருக்கிறோம், கேட்டை இல்லை, முன் கதவை. மறதி முற்ற ஆரம்பித்த புதிதில், நான் துணி வாங்கப் போயிருந்தபோது, என் கணவர் கதவைப் பூட்டிவிட்டுக் குளிக்கப் போனார். நான் திரும்பி வந்தபோது மாமா கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வேட்டி முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, "சார், நான் என்ன தப்பு பண்ணேன்? சொல்லிட்டுப் பூட்டுங்க சார்" என்றார். அன்றைக்கு நான் அழுத அழுகை என் அம்மா செத்ததற்குக்கூட அழவில்லை. விஷயம் தெரிந்து அண்ணி போனிலேயே சத்தியம் வாங்கினார். "அவர் எத்தனை நாள் இருக்காரோ, இருக்கட்டும். அந்த வீட்ல பூட்டுன்னு ஒண்ணு இருக்கக் கூடாது. அப்பாவைப் பூட்டி வெச்சா நான் உங்க முகத்துல முழிக்க மாட்டேன்." நானும் மனசார ஒப்புக்கொண்டேன். பூட்டையும் சாவியையும் மெஷின் இழுப்பறையில் அடியில் தள்ளி, மேலே நூல்கண்டுகளைப் போட்டு மூடினேன்.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணிக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் போனில் படம் நிற்கும்போது அப்பாவின் முகமும் நின்றுவிடும். வாய் பாதி திறந்து, கண் மேலே செருகி, பார்க்கவே நெஞ்சு அடைக்கிறதாம். "டேய், ஒவ்வொரு தடவையும் அப்பா செத்துப்போன மாதிரி இருக்குடா. ஒரு வைஃபையை கேட் வரைக்கும் இழுக்க முடியாதா உன்னால?" என்று தம்பியைப் பிடித்து உலுக்கினார்.

என் கணவர் காய்கறிக் கிடங்கில் மேற்பார்வையாளர். கை வைத்த எதையும் தானே ரிப்பேர் பண்ணி, அதற்குப் பிறகு ஆள் கூப்பிடுகிற ரகம். முதலில் ரவுட்டரை ஜன்னல் விளிம்பில் தூக்கி வைத்தார். தொட்டிக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் நன்றாக வந்தது, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. பிறகு அலுமினியத் தாளை மடித்து ரவுட்டருக்குப் பின்னால் நிறுத்தினார். சமையலறையில் வைஃபை போயிற்று. பிறகு, சிக்னலை வாங்கித் தள்ளிவிடுகிற பெட்டி ஒன்று வாங்கிவந்து, சரியாகத் தொட்டிக்கு மேலே, சிக்னல் சாகிற இடத்திலேயே மாட்டினார். செத்த சிக்னலை வாங்கி அது செத்த சிக்னலையே தெரு முழுக்கப் பரப்பியது. மழைக்குப் பாலிதீன் பையைக் கட்டினார். பைக்குள் தண்ணீர் தேங்கிப் பெட்டி மீன் தொட்டியானது. "இப்ப பாரு, வருது பாரு" என்று அவர் ஏணி மேல் நின்று கத்த, நான் கீழே போனைத் தூக்கிக்கொண்டு இங்கேயும் அங்கேயும் நடக்க, மாமா எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "கண்டக்டர் சரியில்ல" என்றார்.

கடைசியில் ஆள் வந்தார். தெருவில் எல்லோரும் அவரை டவர்காரர் என்பார்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் வெள்ளையாக ஒரு கருவியைப் பொருத்தி, கேட்டைப் பார்க்கத் திருப்பி, ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து, மழை உள்ளே இறங்காதபடி கேபிளைச் சுவரோரம் தொங்கலாக வளைத்து விட்டார். வேலை சுத்தம். போனில் அண்ணி முழுதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ தூரம் வேணும்?" என்றார் டவர்காரர். "ஃபுல் பவர் வெச்சா ரோடு வரைக்கும் போகும். குறுக்க சுவரே இல்லை. வேணும்னா கேட்டோட குறைச்சு வெக்கிறேன்."

"குறைக்காதீங்க, எவ்ளோ போகுமோ அவ்ளோ போகட்டும்" என்றார் அண்ணி. "இனிமே என் அப்பா எங்க நின்னாலும் எனக்குத் தெரியணும்."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. டவர்காரருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமா தொட்டியைத் தாண்டிப் போனார், படம் நிற்கவில்லை. அண்ணி அங்கே கைதட்டிச் சிரித்தார். மாமா கேட் வரைக்கும் போய், கேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தயங்கி நின்று, சும்மா திரும்பி வந்தார். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். நடுநடுவே திரும்பப் போட்டுக் கொடுக்கிற வேலை எனக்கு மிச்சமாயிற்று. ஒரே மூச்சில் ஒரு திரை முழுவதையும் வெட்டி முடித்தேன். இவ்வளவு சுகத்தை இத்தனை நாள் ஏன் விட்டுவைத்தோம் என்று என் கணவரிடம் சொல்லவும் செய்தேன்.

ஒரு நாள் பள்ளிக்கூட மேடைத் திரை ஒன்று தைக்க வந்திருந்தது. அறை முழுக்கத் துணியை விரித்து, அதன் மேலேயே மண்டியிட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். மாமா குரல் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. "போச்சு" என்ற சத்தமும் வரவில்லை. வராததால் நான் தலையைத் தூக்கவில்லை.

என் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தால் அண்ணி, அவர் கணவரின் போனிலிருந்து.

"அப்பா எங்கம்மா இருக்கார்? எனக்கு டயரா தெரியுது."

"டயரா? நம்ம வீட்ல ஏது டயர்?"

சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. தெருமுனையில் டயர் கடை. அதைத் தாண்டினால் மெயின் ரோடு. ஜன்னலில் பார்த்தேன், கேட் திறந்து கிடந்தது.

ஓடினேன். செருப்பு இல்லை, கையில் கத்தரி. காதில் அண்ணி இன்னொரு போனைப் பார்த்துக் கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது. "அப்பா நில்லுங்க! அப்பா, அங்கேயே நில்லுங்கப்பா!" அதற்கு மாமாவின் பதிலும் மெலிதாகக் கேட்டது. "வரேன் பாப்பா. வந்துக்கிட்டே இருக்கேன்." அவர் கத்தக் கத்த இவர் நடந்தார். மகள் கூப்பிட்டால் எந்த அப்பா நிற்பான்?

"லாரி வருது. அம்மாடி, லாரி வருது, நான் என்ன பண்ணுவேன்?" என்றார் அண்ணி. பிறகு, "நின்னுடுச்சு! படம் நின்னுடுச்சு! நீ எங்க இருக்கே? சொல்லு!"

நான் டயர் கடையைத் தாண்டியிருந்தேன். மாமா நடு ரோட்டில் நின்றிருந்தார். சிக்னல் சரியாக அங்கேதான் முடிந்திருக்கிறது. போனை வானத்துக்குத் தூக்கினார், இறக்கினார். "போச்சு" என்றிருப்பார், வாய் அசைந்தது. வலது தோளுக்கு மேல் பார்த்தார், இடது தோளுக்கு மேல் பார்த்தார். பிறகு அந்த நடு ரோட்டில், வண்டிகள் இரண்டு பக்கமும் கிறீச்சிட்டு விலக, அகலமாக, அவசரமே இல்லாமல் வட்டமடிக்க ஆரம்பித்தார். நான் ஓரத்திலேயே நின்றுவிட்டேன். கூப்பிட்டால் நின்றுவிடுவாரோ என்ற பயத்தில் கூப்பிடவும் இல்லை.

ஒரு பேருந்து ஓட்டுநர் வண்டியைக் குறுக்கே போட்டு நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். மாமாவின் தோளைப் பிடித்து என் பக்கம் நடத்திக் கொண்டுவந்தார். மாமா அவரைக் கடிந்துகொண்டார்: "நேரமாச்சுப்பா, போய் வண்டிய எடு." அந்த மனிதர் "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த கத்தரியை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றிரவே என் கணவர் மாடியில் ஏறி அந்தக் கருவியின் ஒயரைப் பிடுங்கினார். பழையபடி தொட்டியோடு வைஃபை நின்றது. எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தோம்.

மறுநாள் தொட்டிகிட்டே படம் நின்றது. "போச்சு" என்றார் மாமா. திரும்பவில்லை. கேட்டைப் பார்த்தார். "அந்தப் பக்கம் போனா வருவா" என்று சொல்லிவிட்டு நேராக நடந்தார்.

சாப்பிட்டதை மறக்கிற மனிதர், கட்டின மனைவி செத்ததை மறக்கிற மனிதர், இதை மட்டும் கற்றுக்கொண்டுவிட்டார். தொட்டிக்கு அப்பாலும் மகள் இருக்கிறாள், நடந்தால் கிடைப்பாள். கற்றுக்கொடுத்தது நாங்கள். எப்படி மறக்கடிப்பது என்றுதான் எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

செய்யாதது ஒன்றும் இல்லை. போனே கொடுக்காமல் வைத்துப் பார்த்தோம், "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே வெறுங்கையோடு தெருவில் இறங்கினார். இருக்கும் இடத்தைக் காட்டுகிற கைக்கடிகாரம் ஒன்று அண்ணி அனுப்பினார், மாமா கழற்றி எறிந்தது கோதுமை மாவு டப்பாவில் கிடந்தது. பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை வைத்தோம், மாமா கையைத் தட்டிவிட்ட வேகத்தில் அந்த அம்மாள் தொட்டியில் மோதி, மறுநாள் வரவில்லை. நானும் என் கணவரும் மாறி மாறிக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அவர் கிடங்கில் விடுப்பு தீர்ந்தது. நான் தைக்க வாங்கிய துணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு நாள் என் பிடியை உதறப்போய் மாமா குப்புற விழுந்தார். நெற்றியில் கட்டோடு அன்றைக்கு அண்ணிக்கு முகம் காட்டினார். "பாப்பா, சாப்டியா?" என்றார்.

அண்ணி பதில் சொல்லவில்லை. போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"பூட்டிடு" என்றார்.

"அண்ணி..."

"நான்தான் சொன்னேன், பூட்டக் கூடாதுன்னு. இப்ப நானே சொல்றேன், பூட்டிடு." அவர் குரலில் அந்த அதட்டலே இல்லை. அந்த அதட்டலுக்காக அன்றைக்கு நான் ஏங்கினேன். "அந்த மாடியில இருக்கிறதை மறுபடி போட்டு விடுங்க. கேட்ல நின்னு அழுதார்னா நான் பேசி உள்ள அனுப்பறேன். அதுக்காவது உதவட்டும்."

நூல்கண்டுகளை எல்லாம் கீழே கொட்டிப் பூட்டை எடுத்தேன். என் கணவர் என்னிடமிருந்து வாங்கிப் போய்ப் போட்டார். பூட்டிவிட்டு வந்து சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் மாமா இறங்கினார். நான் இரண்டடி பின்னால் போனேன். தொட்டியைத் தாண்டினார், படம் தெளிவாக வந்தது. கேட்டுக்குப் போய்த் தாழ்ப்பாளைத் தூக்கினார். பூட்டு தட்டியது. மறுபடி தூக்கினார். பிறகு ஒரு கையால் கேட்டைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், என் பொண்ணு அந்தப் பக்கம் நிக்குது சார். கொஞ்சம் திறந்துவிடுங்க."

சாவி என் உள்ளங்கையில் இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"அப்பா, உள்ள போங்கப்பா" என்றார் அண்ணி போனிலிருந்து. "நான் உள்ளதான் இருக்கேன், போங்க." குரல் கேட்டதும் இவருக்கு வேகம் கூடிவிட்டது. "இதோ வரேன் பாப்பா" என்று போனைக் கழுத்திலேயே தொங்கவிட்டு இரண்டு கையாலும் கேட்டை உலுக்கினார். கட்டுக்குக் கீழே நெற்றி சிவந்தது. "பாப்பா, நீ சார்கிட்ட சொல்லு. நீ சொன்னா திறப்பாங்க. சொல்லு பாப்பா." அண்ணி சொல்லச் சொல்ல அவர் உலுக்கினார், உலுக்க உலுக்க அண்ணி கெஞ்சினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

திடீரென்று அண்ணியின் குரல் நின்றது.

மாமா போனை எடுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அண்ணி வாயைப் பாதி திறந்தபடி, கண்ணைச் சிமிட்டாமல், ஆடாமல் அசையாமல் இருந்தார். மாமா திரையைத் தட்டினார். போனை வானத்தைப் பார்க்கத் தூக்கினார், இறக்கினார். முகம் அப்படியே இருந்தது.

"போச்சு" என்றார்.

கேட்டை விட்டுவிட்டார். வலது தோளுக்கு மேல் பார்த்தார், இடது தோளுக்கு மேல் பார்த்தார். அகலமாக வட்டமடித்துத் திரும்பி, "பாப்பா உள்ளேதான் இருப்பா" என்று வீட்டைப் பார்த்து நடந்தார்.

நான் பக்கத்திலேயே நடந்தேன். போன் அவர் மார்பில் முகம் வெளியே தெரியத் தொங்கிக்கொண்டிருந்தது. மூலையில் சிக்னல் கோடுகள் ஒன்று குறையாமல் நின்றன. அண்ணியின் அசையாத முகத்தில் இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்து, திறந்த வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டியைக் கடக்கும்போது அந்தக் கண்கள் மட்டும் மெல்ல என் பக்கம் திரும்பின. உள்ளே போய்விட்டாரா என்று கேட்டன.

இன்னும் இல்லை என்று நான் தலையசைத்தேன். அண்ணி அப்படியே அசையாமல் இருந்தார்.